‘சரிங்கத்தே’ செய்த வேலை

அத்தியாயம் பதினொன்று

முத்துப்பிரியாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். பெரிய பெரிய கம்பெனிகளின் சாஃப்ட்வேரை எப்படி அடுக்கினால் ஆட்டம் காணாமல் நிற்கும் என்பதும் தெரியும். ‘முடியாது’ என்று சொல்ல மட்டும் தெரியாது. போன வாரம் அவள் குட்டு வெளிப்பட்டதே அந்த இடத்தில்தான்.

போடியில் புருஷன் வீட்டு மாடியறையில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாளே, அந்த வேலையில் அடுத்த படி ஏற ஒரு பட்டம் வாங்கியாக வேண்டும். அதற்கு வரிசையாக ஐந்து எழுத்துப் பரீட்சை. சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே, இரண்டில் இடறி விழுந்து எழுந்து, ஐந்தையும் எப்படியோ தாண்டிவிட்டாள். மிச்சம் இருப்பது கடைசிப் பரீட்சை. அது எழுதுகிற பரீட்சை இல்லை, பேசுகிற பரீட்சை.

ஒரு கற்பனைக் கம்பெனியின் தலைவலிகளை எல்லாம் மூட்டை கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் அமைப்பை வரைந்து மூன்று நடுவர்களுக்கு விளக்க வேண்டும். அப்புறம் மூவரும் குடைவார்கள். வரைந்தது சரியாகவே இருந்தாலும் குடைவார்கள். ஆள் அசைகிறாளா என்று பார்ப்பதுதான் பரீட்சையே.

நம்ம பிரியா ஒத்திகையிலேயே அசைந்தாள். சாதாரண அசைவா? கூட வேலை பார்க்கிற ஈஸ்வர் சென்னையிலிருந்து வீடியோவில் நடுவர் வேஷம் கட்டி, “நிச்சயமா?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். “இல்லீங்க, நீங்க சொன்னா மாத்திரலாம்” என்று, மாய்ந்து மாய்ந்து வரைந்த படத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லக்கா,” என்றான் ஈஸ்வர். “யாரை நீங்க எதிர்த்தே பேச மாட்டீங்களோ, அவங்களை எதிர்ல உட்கார வெச்சுப் பழகுங்க. வேற மருந்து கிடையாது.”

அப்படி ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். மாமியார் வேலுத்தாய்.

வீட்டு முன்கூடத்தில் பெண்களை வைத்து ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற தொழில் வேலுத்தாய்க்கு. முத்துப்பிரியா இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவரிடம் பேசிய பேச்சை எல்லாம் அள்ளிச் சொளகில் போட்டுப் புடைத்தால் ஒரே ஒரு சொல்தான் தேறும். “சரிங்கத்தே.”

வேலுத்தாய் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. மருமகளை ஒரு நாள் அடித்ததில்லை, வைததில்லை, ஏழு மணி வரை தூங்கினாலும் எழுப்பியதில்லை. பெரியவர்கள் பேசினால் ‘சரி’ என்று சொல்வது பிரியாவுக்குத் தும்மல் மாதிரி. விஷயம் காதில் ஏறுவதற்கு முன்பே வாயில் வந்துவிடும்.

போன வாரம், “அத்தே, என்னையக் கேள்வி கேக்கணும்” என்று அவர் முன்னால் போய் நின்றாளே, அந்தக் கூத்து இந்தச் சனிக்கிழமை காலையில் அரங்கேறியது.

வேலுத்தாய் விசேஷ வீட்டுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையில் வந்தார். கூடத்தின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சேலை எதுக்குத்தே?” என்று கேட்டாள் பிரியா.

“பரீட்ச வைக்க வர்றவ நைட்டியிலயா வருவா? என்னத்தக் கேக்கணும், சொல்லு.”

“மூணே கேள்வி. ‘ஏன் இப்பிடி?’, ‘நெசமாவா?’, ‘வேற வழியே இல்லையா?’ நான் என்ன சொன்னாலும் இதுல ஒண்ணைக் கேளுங்க.”

“மூணுதானா? காய் வாங்க வர்ற யாவாரிகிட்டயே நான் பத்து கேப்பேன்.”

சுற்றிலும் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. கை சொளகில் இருந்தது, கண்ணெல்லாம் நாற்காலியில் இருந்தது. டி.வி. சீரியல் வீடு தேடி வந்தால் யார்தான் குனிந்து காயைப் பார்ப்பார்கள்?

பிரியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இது ஒரு உரக் கம்பெனித்தே. ஏழெட்டு நாட்டுல யாவாரம். ஒவ்வொரு நாட்டுலயும் பில்லு போட ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கு. அதை எல்லாம் ஒரே நாள்ல தூக்கிப் போடல. அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டு, எல்லாத்துக்கும் நடுவுல புதுசா ஒண்ணை வெச்சு ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு நாடா மாத்துறேன்.”

“ஏன் இப்பிடி?”

“ஒரே நாள்ல மாத்தி அது ஓடலைன்னா எல்லா நாட்டுலயும் யாவாரம் நின்னு போகுங்கத்தே.”

“நெசமாவா?”

பிரியாவின் முகம் வாடியது. “இல்ல... நீங்க சொல்றாப்புல ஒரே நாள்லயும் மாத்திப் பாக்கலாங்கத்தே.”

“நான் எங்கடீ மாத்தச் சொன்னேன்? நெசமாவான்னுதானே கேட்டேன்!”

சுந்தரம்மாள் என்கிற மூத்த பொறுக்குக்காரி சொளகைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். சொளகு மட்டும் குலுங்கியது.

மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை ‘வேற வழியே இல்லையா?’ என்ற இடத்தில் கம்பெனியையே மூடிவிடலாம் என்கிற அளவுக்கு இறங்கி வந்தாள் பிரியா. மூன்றாவது தடவை வேலுத்தாய் குரலை உயர்த்தி, கண்ணை உருட்டி, “நெசமாவா?” என்றார்.

“நெசந்தான். மாத்த மாட்டேன்,” என்றாள் பிரியா. சொன்ன வேகத்தில் எழுந்து மாமியார் காலைத் தொட்டு, “மன்னிச்சிருங்கத்தே!” என்றாள்.

“நடுவர் காலுல எல்லாம் விழுகப்படாதுத்தா. மார்க்கு கொறஞ்சிரும்,” என்றார் வேலுத்தாய். அவருக்கு ருசி கண்டுவிட்டது. கேள்வி கேட்க லைசென்ஸ் கிடைத்த பிறகு மூன்று கேள்வியோடு நிற்கிற மாமியார் எந்த ஊரில் இருக்கிறார்? “அது கெடக்கட்டும். போன மாசம் ஒங்க சின்னம்மா வந்துட்டுப் போனாகளே, அன்னைக்கு நான் எடுத்து வெச்சிருந்த பெரிய ஏலக்காயில அரைக்கிலோ கொறஞ்சிச்சு. ஏன் அப்பிடி?”

“அத்தே, இது பரீட்சையில வராது.”

“நெசமாவா?”

நல்ல வேளையாக லேப்டாப் கூப்பிட்டது. ஈஸ்வர். பேசி வைத்தபடி அவன் ஒரு நடுவர், வேலுத்தாய் ஒரு நடுவர் என்று இரண்டு பக்கமும் இருந்து குடையப் போகிறார்கள். பிரியா லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துத் திருப்பினாள். வேலுத்தாய் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு ஈஸ்வருக்குக் கும்பிடு போட்டார்.

அப்போதுதான் வாசலில் அந்த ஹாரன். மலையில் அத்தனை வளைவுக்கும் கேட்கிற ஹாரன். காசிராஜனின் ஜீப்.

காசிராஜன் பிரியாவின் அண்ணன். காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை மேலே ஏற்றிப் போய், பொழுதடைய இறக்கி வருகிறவர். அப்பா போன பிறகு அந்த ஜீப்பை ஓட்டித்தான் தங்கையை மதுரையில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். அவர் இதுவரை அவளை ‘மாட்டேன்’ என்று சொல்லவிட்டதில்லை. கேட்பதற்கு முன்பே எல்லாம் வாங்கிக் கொடுத்துவிடுகிற அண்ணனிடம் மாட்டேன் என்று எதைச் சொல்வது?

அண்ணன் தோளில் சுருட்டிய ஃப்ளெக்ஸ் பேனரோடு உள்ளே வந்தார்.

“மாப்ளே! இந்த ஓரத்தப் பிடிங்க!”

பிரியாவின் கணவன் முத்துக்கிருஷ்ணன், ஏலக்காய்த் தரகன், உள்ளறையிலிருந்து ஓடி வந்து ஓரத்தைப் பிடித்தான். யார் எதைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிற நல்ல மனிதன்.

பேனர் விரிந்தது. விரிந்துகொண்டே போனது. நடுவில் பிரியாவின் மூன்று வயது மகள் அமுதவள்ளி தலையில் கிரீடத்தோடு ஒரு சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட காசிராஜன். பின்னால் மலை, மலையில் அவரது ஜீப், ஜீப்புக்கு மேலே புறா. ‘தாய்மாமன் மடியில் தங்க மகளின் காதணி விழா.’

“எப்பிடி இருக்கு பாப்பா? அடிபொளி இல்ல?” என்றார் காசிராஜன். கேரளத் தோட்டங்களுக்கு வண்டி ஓட்டி ஓட்டி வந்து ஒட்டிக்கொண்ட வார்த்தை.

“நல்லா இருக்குண்ணே,” என்றாள் பிரியா. மகளின் காதுகுத்துக்கு நாள் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். நாள் பார்த்தே முடித்துவிட்டார்கள் என்பது தெரியாது.

காசிராஜன் ஸ்டூலில் இருந்த ஈஸ்வரைக் கவனித்தார். “யாரு, ஆபீஸ் சாரா? வணக்கம் சார்! நீங்களும் குடும்பத்தோட வந்துரணும். கெடா ரெண்டு கட்டியாச்சு.” பேனரை முத்துக்கிருஷ்ணனோடு சேர்த்து லேப்டாப் பக்கம் திருப்பினார். “சரித்தே, மேல ஆளுக காத்துக்கெடக்கும். கெழவரு ஒருத்தரு வேற வண்டியில இருக்காரு. வர்றேன். பாப்பா, வர்றேன்!”

வந்த வேகத்தில் போய்விட்டார். ஹாரன் தெரு முனையில் திரும்பிய பிறகு லேப்டாப்பிலிருந்து ஈஸ்வரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“அக்கா... பேனர்ல கீழ ஓரமா தேதி போட்டிருக்கே. அது பதினாலாந் தேதியா?”

பிரியா குனிந்து பார்த்தாள். பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய கடைசிப் பரீட்சையும் பதினாலு, ஞாயிற்றுக்கிழமைதான்.

“ஈஸ்வர், அப்புறம் பேசுறேன்,” என்று லேப்டாப்பை மூடினாள். 

“அத்தே... தேதியை எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

“கேக்காமயா?” வேலுத்தாய்க்கு உண்மையாகவே கோபம் வந்தது. “செவ்வாக்கெழம அடுப்படியில காதுல அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டுப் பாடம் கேட்டுக்கிட்டு நின்னே. ‘பதினாலாந்தேதி வெச்சுக்குவமாத்தா’ன்னு கேட்டேன். ‘சரிங்கத்தே’ன்னே. எதுக்கும் இருக்கட்டும்னு மறுக்கா கேட்டேன். மறுக்காவும் ‘சரிங்கத்தே’ன்னே. அப்புறந்தான் காசிக்குச் சொன்னேன்.”

சொன்னது பொய்யாக இருக்கவே முடியாது. பிரியாவுக்குத் தன் வாயைத் தெரியும்.

“அன்னைக்குத்தான் எனக்குக் கடைசிப் பரீட்சைத்தே.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னியா?”

சொல்லவில்லை. முன்னே இரண்டு தடவை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு எழுதி, தோற்று, தெருவில் துக்கம் விசாரித்தார்கள் என்பதால் இந்தத் தடவை புருஷனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். பிரியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் பேனர் ஓரத்தை விடவில்லை.

“ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்,” என்றான் முத்துக்கிருஷ்ணன். “அம்மா தேதி சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா நீயே சரின்னுட்டியேன்னு விட்டுட்டேன். அம்மா சொல்றதும் நாயந்தான். நீ சொல்றதும் நாயந்தான்.”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லீங்க!”

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. இந்தத் தேதியை விட்டால் நடுவர்கள் மறுபடி கூடுவது அடுத்த வருஷம். அதற்குள் எழுதித் தேறிய பரீட்சைகளில் இரண்டு காலாவதி ஆகிவிடும். விடிகாலையில் பிள்ளை புரள்வதற்குள் எழுந்து படித்த படிப்பெல்லாம் வீண். மறுபடி அந்த மலையை அடியிலிருந்து ஏற அவளுக்குத் தெம்பு இல்லை. இத்தனையும் தெரிந்தும் அவள் உதடு ‘ச’ என்று குவியத் தொடங்கியது. தன் வாய் தனக்கே எதிரியாக இருப்பதை நினைத்து அவளுக்கு அழுகையாக வந்தது.

“தேதியை மாத்தணும் அத்தே,” என்றாள்.

கூடத்தில் காய் உருளும் சத்தம் நின்றது.

“நெசமாவா?” என்றார் வேலுத்தாய். இந்தத் தடவை அது ஒத்திகைக் கேள்வி இல்லை.

“நெசமாத்தான்.”

“வேற வழியே இல்லையா?”

“ரெண்டு வழி யோசிச்சேன். கோயில்லயே ஒரு ஓரமா உக்காந்து வீடியோவுல பரீட்சைய முடிச்சிரலாம்னா, சிலமலைப் பக்கம் அந்தக் குலசாமி கோயில்ல ஃபோனே எடுக்காது. போதாததுக்குக் கொட்டு. நான் இல்லாம நீங்களே காது குத்திட்டு வந்துரலாம்னா, நான் பக்கத்துல இல்லாம ஒங்க பேத்தி காதத் தொட விடுவாளா? போன தடவ ஊசி போட வந்த நர்ஸக் கடிச்சு வெச்சா. அதனால மூணாவது வழிதான். அதுக்கு அடுத்த ஞாயிறு. சமையக்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸு போகலாம், பேனர் வீணாகும், சொந்தக்காரங்க ரெண்டு பேச்சுப் பேசுவாங்க. அதை நான் ஒத்துக்கிறேன். தப்பும் எம்மேலதான். காதுல வாங்காமயே சரின்னது நான். ஆனா பரீட்சைய விட மாட்டேன்.”

இந்தத் தடவை காலில் விழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

வேலுத்தாய் அண்ணாந்து பார்த்தார். விலை படியாத வியாபாரியை உட்கார வைத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பாரே, அந்த மௌனம். பெரிய பெரிய வியாபாரிகள் இந்த மௌனத்தில் கரைந்து கிலோவுக்கு நூறு ரூபாய் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிரியாவும் கரைந்துதான் போயிருப்பாள், இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால்.

“எத்தன வருசமா இந்த வீட்டுல இருக்கே. என்னைய ஒரு நா எதுத்துப் பேசிருக்கியா?”

“இல்லத்தே.”

“காலையிலதான் நான் பழக்கி விட்டேன். பொழுது சாயல, எங்கிட்டயே காட்டிட்டா.” வேலுத்தாய் பொறுக்குகிற பெண்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிறதுன்னு சொல்லுவாகளே, அது இதுதான்டி.”

சுந்தரம்மாளின் சொளகு மறுபடி முகத்துக்கு ஏறியது. வேலுத்தாயும் சிரித்துவிட்டார். மருமகளின் மேல் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது; அதை வெளியே காட்டினால் அப்புறம் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று அடக்கிக்கொண்டார்.

“அடுத்த ஞாயிறே வெச்சுக்குவோம். ஆனா ஒண்ணு. காசிகிட்ட நீ வாயத் தொறக்காத. தாய்மாமன் பேனர் அடிச்ச நாளக் கூடப் பொறந்தவளே மாத்துனான்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். பூசாரிக்குத் தோதுப்படலைன்னு நான் சொல்லிக்கிறேன்.”

பிரியாவுக்கு உயிர் வந்தது. மாமியாரே பொய் சொல்ல முன்வரும்போது கசக்குமா? “சரிங்கத்தே,” என்றாள், முழு மனதோடு.

வேலுத்தாய் போனை ஸ்பீக்கரில் போட்டார். காசிராஜன் அடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தார். இன்ஜின் உறுமல் கூடம் முழுக்கக் கேட்டது.

“காசி, நம்ம பூசாரி மொக்கையனுக்குப் பதினாலாந்தேதி தோதுப்படலையாம்ப்பா. திருச்செந்தூரு போறாராம். நாள அடுத்த ஞாயித்துக்குத் தள்ளிக்குவோமா?”

 காசிராஜனுக்குப் பதிலாக இன்னொரு குரல், வயதான குரல், வெகு அருகில் கேட்டது.

“நான் எப்பத்தா திருச்செந்தூரு போறேன்னேன்?”

வேலுத்தாய் போனைக் கை சுட்டது போலப் பார்த்தார்.

“பூசாரியத்தான்த்தே மேல பூப்பாறையில ஒரு பூசைக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றார் காசிராஜன். “நான் வண்டி ஓட்டுறேன்ல, ஃபோனப் பிடிச்சிருக்கதே அவருதான். என்னாத்தே விசயம்? நாள மாத்தணும்னு யாரு சொன்னது?”

முத்துக்கிருஷ்ணன் பேனரைச் சுருட்டுவதில் மும்முரமாக இறங்கினான். வேலுத்தாய் போனை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார்.

“நாந்தான் சொன்னேன்.”

“நீங்களா? நாள் குறிச்சதே நீங்கதானத்தே.” காசிராஜனின் குரல் தணிந்தது. அவர் சத்தம் போட்டால் பயமில்லை, தணிந்தால்தான் பயம். “பாப்பா பக்கத்துல இருக்கா?”

வேலுத்தாய் வாயில் விரலை வைத்துக் காட்டினார். தலையை ஆட்டினார். பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அந்த விரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் போதும். அண்ணனுக்கு மாமியார் மேல்தான் வருத்தம் இருக்கும், அதுவும் கிடா வெட்டில் கரைந்துவிடும்.

அப்படி ஒளிவதற்குப் பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது. தன் பரீட்சைக்காக இந்தப் பெரிய மனுஷி ஊர் பார்க்கப் பொய்க்காரி ஆகிக்கொண்டிருக்கிறார்.

“நாந்தாண்ணே மாத்தச் சொன்னேன்,” என்றாள் பிரியா. “அன்னைக்கு எனக்குக் கடைசிப் பரீட்சை. அன்னைக்கு வேண்டாம்ண்ணே.”

மலைமேல் இன்ஜின் நின்றது.

“அண்ணே?”

 ஒரு கதவு சாத்துகிற சத்தம், மறுபடி இன்ஜின், அப்புறம் டயர் சரளைக் கல்லில் அரைபடுகிற சத்தம். கடைசியில் பூசாரி மொக்கையன்தான் பேசினார்.

“தாயி, காசி வண்டியத் திருப்பிட்டான். எம் பூச நேரம் போகுதுப்பான்னு சொல்றேன், காதுலயே வாங்கல. மொகம் சரியில்ல தாயி.”

லைன் அறுந்தது.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல,” என்றார் வேலுத்தாய் அவசரமாக. “எறங்கி வர அரை மணி ஆகும். வந்ததும் ‘தெரியாமச் சொல்லிட்டேன்ண்ணே’ன்னு ஒரு வார்த்த சொல்லிரு. மத்தத நான் சரிக்கட்டிக்கிறேன்.”

பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்பிடிச் சொல்ல மாட்டேன் அத்தே. மத்தியானம் ஆச்சு, அண்ணன் பசியோட வருவாரு. ஒலை வைக்கிறேன். சோத்தப் போட்டுட்டு, நானே அவரு மொகத்தப் பாத்துச் சொல்லிக்கிறேன்.”